எல்லாக் கடிக்கும் ஒரே ரியூப்பா?



நம்மில் பலருடைய வீட்டில் மருந்துப் பெட்டி என்று தனியாக ஒன்று இருக்காது. ஆனால் அலுமாரித் தட்டின் ஓரத்திலோ கண்ணாடிக்குப் பின்னாலோ பாதி பிதுக்கிய ரியூப் ஒன்று கட்டாயம் கிடக்கும். எப்போதோ யாருக்கோ ஒரு டொக்டர் எழுதிக் கொடுத்தது. அதன் பிறகு வீட்டில் யாருக்குக் கடி வந்தாலும் அதுதான் மருந்து. மாமிக்குக் காலில் கடி என்றால் அது. பிள்ளைக்கு இடுப்பில் வட்டம் என்றால் அது. மகளின் கன்னத்தில் வெள்ளை விழுந்தாலும் அதுவே. முடிந்துபோனால் வெறும் பெட்டியைப் பாமசியில் காட்டி இன்னொன்று வாங்கி விடுகிறோம். அடுத்த வீட்டு அக்கா கேட்டால் அவருக்கும் கொஞ்சம் பிதுக்கிக் கொடுக்கிறோம்.

கடி, அரிப்பு, தினவு, சொறிவு என்று ஊருக்கு ஊர் பெயர் வேறு. ஆனால் கடிக்கிற நோய்கள் எல்லாம் ஒன்றல்ல. ஒரு நோயை மாற்றும் மருந்து இன்னொன்றை வளர்த்து விடும். மூன்றாவது ஒன்றை டொக்டருடைய கண்ணுக்கே தெரியாமல் மறைத்தும் விடும். இந்த மாதம் அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

ரியூப்புக்குள் என்ன இருக்கிறது?

அந்த ரியூப்பை எடுத்து அதில் எழுதியிருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள். பீற்றாமெதசோன், குளோபெற்றாசோல், ஹைட்ரோகோர்ட்டிசோன் என்று ஏதாவது ஒன்று இருந்தால் அது ஸ்டீரொயிட் மருந்து. தோலில் ஏற்படும் அழற்சியை அது அடக்கும். சிவப்பும் கடியும் இரண்டு மூன்று நாளில் குறையும். அதனால்தான் நமக்கு அதன் மேல் அவ்வளவு நம்பிக்கை.

ஆனால் ஸ்டீரொயிட் பங்கசைக் கொல்லாது. பூச்சியையும் கொல்லாது. பக்ரீரியாவையும் கொல்லாது. இவற்றை எதிர்க்கும் உடலின் காவலை அந்த இடத்தில் தூங்க வைக்கும் வேலையைத்தான் அது செய்கிறது. ஆகவே கரப்பனுக்கு அது மருந்து, படர்தாமரைக்கோ அது பசளை. மருந்து கெட்டது என்று நான் சொல்லவில்லை. எந்த நோய்க்கு, எந்த இடத்தில், எத்தனை நாளைக்கு என்று தெரியாமல் பூசுவதுதான் கெட்டது.

இரவில் கடிக்கும் சொறி

டொக்டர்மார் ஸ்கேபீஸ் என்று எழுதுவது இதைத்தான். அரை மில்லிமீற்றர்கூட இல்லாத ஒரு சிறு பூச்சி தோலுக்குள் சுரங்கம் போல் துளைத்து முட்டையிடுகிறது. விரல் இடுக்கு, மணிக்கட்டு, கமக்கட்டு, இடுப்பு, தொப்புளைச் சுற்றி, முலைக்காம்பைச் சுற்றி, தொடை இடுக்கு ஆகிய இடங்களில் சிறு பருக்கள் வரும். பகலைவிட இரவில் படுக்கைச் சூட்டில் கடி கூடும். கைக்குழந்தைகளுக்கு உள்ளங்கை, உள்ளங்கால், தலை, முகம் ஆகிய இடங்களிலும் வரும். வீட்டில் இரண்டு மூன்று பேர் ஒரே காலத்தில் இரவில் சொறிகிறார்கள் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

இது அழுக்கானவர்களுக்கு மட்டும் வரும் நோய் என்று எண்ணாதீர்கள். தோலோடு தோல் நெருங்கிப் பழகுவதால் பரவுவது இது. லயன் அறையில் ஒரே பாயில் படுக்கும் பிள்ளைகள், ஆடைத் தொழிற்சாலைப் பிள்ளைகள் நெருங்கித் தங்கும் போர்டிங் அறைகள், பாடசாலை விடுதிகள் எல்லாம் இதற்கு வாய்ப்பான இடங்கள். தினம் இரண்டு தரம் குளிப்பவருக்கும் வரும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். முதன்முறையாகத் தொற்றியவருக்குக் கடி தொடங்க நான்கு முதல் ஆறு வாரங்கள்கூட ஆகலாம். ‘எனக்குக் கடியே இல்லை, எனக்கு எதற்கு மருந்து?’ என்று சொல்பவரிடமும் பூச்சி இருக்கலாம் என்பது இதனால்தான்.

ஒரு தாய் மூன்று முறை கிளினிக்குக்கு வந்தார். ஒவ்வொரு தரமும் பிள்ளைகளுக்கு மருந்து பூசினார், மாறியது, ஒரு மாதத்தில் திரும்ப வந்தது. மருந்து சரியில்லை என்று மனம் நொந்துபோனார். விசாரித்துப் பார்த்தேன். கடைக்குட்டி இரவில் படுப்பது அம்மம்மாவோடு. அம்மம்மாவுக்கு வயது போனதால் தோல் வரட்சி, அதனால்தான் சொறிகிறார் என்று வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அடுத்த முறை அம்மம்மா உட்பட வீட்டில் இருந்த ஏழு பேரும் ஒரே இரவில் மருந்து பூசினார்கள். நோய் அதோடு விட்டது.

சிகிச்சை முறை இதுதான். பேர்மெத்ரின் 5 வீதக் கிறீம் அல்லது பென்சைல் பென்சோவேற் லோஷன் தருவார்கள். பேர்மெத்ரின் என்றால் இரவு படுக்குமுன் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, ஓரிடமும் விடாமல் பூச வேண்டும். விரல் இடுக்கு, நகத்தின் கீழ், தொப்புள், மறைவிடம் எல்லாவற்றிலும் பூசுங்கள். கடிக்கிற இடத்தில் மட்டும் பூசினால் பிரயோசனம் இல்லை. இடையில் கை கழுவினால் கையில் திரும்பப் பூச வேண்டும். எட்டு முதல் பதினான்கு மணித்தியாலம் கழித்துக் குளிக்கலாம். முட்டையிலிருந்து வெளிவருபவற்றையும் ஒழிப்பதற்காக ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை பூச வேண்டும். பென்சைல் பென்சோவேற் பூசும் விதம் வேறு, அது எரிவையும் தரும். சிறு பிள்ளைகளுக்கு அதைக் கேளாமல் பூசாதீர்கள். கைக்குழந்தை இருந்தாலோ நீங்கள் கர்ப்பிணியாக இருந்தாலோ டொக்டரிடம் முதலே சொல்லுங்கள்.

அன்றைக்கே உடுப்பு, துவாய், படுக்கை விரிப்பு எல்லாவற்றையும் சுடுநீரில் தோய்த்து வெயிலில் போடுங்கள். தோய்க்க முடியாதவற்றைப் பையில் கட்டி நாலைந்து நாள் ஒதுக்கி வைத்தால் போதும். மனித உடம்பு இல்லாமல் அந்தப் பூச்சி அதற்குமேல் வாழாது. பூச்சி செத்த பிறகும் இரண்டு மூன்று வாரம் கடி இருக்கலாம். அதற்காகத் திரும்பத் திரும்ப மருந்து பூசித் தோலைப் புண்ணாக்காதீர்கள்.

வேப்பிலை அவித்த நீரில் குளிப்பது இதமாக இருக்கும். ஆனால் அதை மட்டும் நம்பி மருந்தைப் பிற்போட வேண்டாம். சொறிந்த இடம் புண்ணாகிச் சீழ் வைத்தால் அது வெறும் தோல் நோயாக நில்லாது. சில வகைப் பக்ரீரியாக்களால் இரண்டு மூன்று வாரம் கழித்துச் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். சிரங்கு வந்த பிள்ளையின் முகம் காலையில் வீங்கியிருந்தாலோ, சலம் தேநீர் நிறத்தில் போனாலோ அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்.

வட்டமாகப் படரும் படர்தாமரை

இது பங்கசினால் வருவது. ஓரம் சற்று உயர்ந்து சிவந்து செதில் விட்டிருக்கும். நடுப்பகுதி தெளிந்திருக்கும். வட்டம் நாளுக்கு நாள் விரியும். பெண்களுக்கு உள்பாவாடை நாடா இறுக்கும் இடுப்பு, மார்பகத்தின் கீழ்மடிப்பு, தொடை இடுக்கு ஆகிய இடங்களில் அதிகம் வரும். வியர்வையும் ஈரமும் அடைபட்டுக் கிடக்கும் இடங்கள் இவை. சொல்ல வெட்கப்பட்டுப் பலர் மாதக்கணக்கில் மறைப்பதும் இந்த இடங்களில் வருவதால்தான்.

இதற்கு ஸ்டீரொயிட் பூசினால் என்ன நடக்கும்? முதல் வாரம் கடி அடங்கும். சிவப்பு மங்கும். மாறிவிட்டது என்று நிறுத்தினால் இரண்டு மடங்காகத் திரும்ப வரும். வட்டத்தின் வடிவமும் கலைந்துவிடுவதால் பார்க்கும் டொக்டருக்கே இது என்ன நோய் என்று உடனே பிடிபடாது. நீண்ட நாள் பூசினால் தொடையிடுக்கில் பிரசவ வரி போன்ற கோடுகள் விழும். அவை பிறகு மறைவதில்லை. பங்கசு மருந்தையும் ஸ்டீரொயிட்டையும் ஒன்றாகக் கலந்த கிறீம்களும் கடைகளில் உண்டு. அவற்றையும் தானாக வாங்கிப் பூசக்கூடாது.

குளோட்ரிமசோல், மைக்கோனசோல், டேர்பினாபின் போன்றவையே பங்கசுக்கான மருந்துகள். வட்டத்தின் மேல் மட்டுமன்றி, ஓரத்துக்கு வெளியே ஒரு விரலகலம் வரை பூச வேண்டும். தோல் தெளிந்த பின்னும் டொக்டர் சொன்ன நாள் வரை, பெரும்பாலும் இன்னும் ஒன்றிரண்டு வாரம், தொடர வேண்டும். பாதியில் நிறுத்துவதுதான் நோய் திரும்பி வருவதற்கு முதற் காரணம். தலையிலும் நகத்திலும் வந்தால் பூச்சு மருந்து மட்டும் போதாது, மாத்திரை தேவைப்படும்.

அண்மைக் காலத்தில் தென்னாசியாவில் வழமையான மருந்துக்கு இலகுவில் கட்டுப்படாத படர்தாமரை பரவி வருகிறது. அதற்குக் காரணமான ஒரு பங்கசுக்கு 2020இல் தனிப்பெயரே சூட்டியிருக்கிறார்கள். ஸ்டீரொயிட் கலந்த கிறீம்களைக் கண்டபடி பூசியது இந்த நிலைக்கு ஒரு காரணம் என்று தோல் வைத்தியர்கள் கருதுகின்றனர். ஆகவே ஒரு மாதம் முறையாகப் பூசியும் மாறாவிட்டால் தோல் நோய்க் கிளினிக்குக்குப் போக வேண்டும். அடிக்கடி வந்து தொல்லை தந்தால் இரத்தத்தில் சீனியின் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கைகளைப் பிடிக்கும் கரப்பன்

கரப்பன், அதாவது எக்ஸிமா, தொற்றாது. குழந்தைகளுக்கு முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்மடிப்பிலும் வரும். அவர்களில் பலருடைய குடும்பத்தில் ஆஸ்துமாவோ தும்மல் வருத்தமோ இருக்கும். நம் பெண்களுக்குக் கைகளில் வருவது வேறு காரணத்தால். சவர்க்காரத் தூள், பாத்திரம் கழுவும் திரவம், உள்ளி, மிளகாய், ஓயாத தண்ணீர் எல்லாம் சேர்ந்து தோலின் எண்ணெய்ப் பசையை உறிஞ்சி விடுகின்றன. தோல் வரண்டு வெடித்து, கடித்து, நீர் வடியும்.

கவரிங் நகையில் உள்ள நிக்கல், ஒட்டுப் பொட்டின் பசை, தலைக்குப் பூசும் கறுப்பு மை ஆகியவையும் ஒவ்வாமையைத் தரும். காது, கழுத்து, நெற்றி என்று அந்தப் பொருள் படும் இடத்தில் மட்டும் கடி வந்தால் காரணம் உங்களுக்கே தெரிந்துவிடும். காரணத்தை நீக்காமல் எந்த மருந்தும் நிலைத்து நிற்காது.

இங்கேதான் ஸ்டீரொயிட்டுக்கு வேலை உண்டு. டொக்டர் சொன்ன வலுவில், சொன்ன நாட்களுக்கு மட்டும் பூசுங்கள். சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கிய மருந்து, இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும். அதைவிட முக்கியம் தோலை ஈரப்பசையோடு வைத்திருப்பது. குளித்து மூன்று நான்கு நிமிடத்துக்குள் வெள்ளைப் பரபின் களிம்பையோ நல்ல தேங்காயெண்ணெயையோ பூசலாம். பாத்திரம் கழுவும்போது மெல்லிய பருத்திக் கையுறையைப் போட்டு, அதன்மேல் றப்பர் கையுறையைப் போட்டால் கை பிழைக்கும்.

தேமலும் கன்னத்து வெள்ளையும்

மார்பு, முதுகு, கழுத்தில் வெளிறிய அல்லது பழுப்பான திட்டுகள், சுரண்டினால் மா போல் செதில், கடி பெரிதாக இல்லை என்றால் அது தேமல். எல்லோருடைய தோலிலும் வாழும் ஒரு வகைப் பங்கசு வியர்வையில் பெருகுவதால் வருவது. இது வெண்குட்டமல்ல. பக்கத்தில் இருப்பவருக்குத் தொற்றுவதுமில்லை. கீற்றோகொனசோல் அல்லது செலீனியம் சல்பைட் ஷாம்பூவைத் திட்டுகளில் பூசி ஐந்து முதல் பத்து நிமிடம் விட்டுக் கழுவச் சொல்வார்கள். பங்கசு செத்த பிறகும் நிறம் திரும்பச் சில மாதம் ஆகும். பொறுமை வேண்டும்.

பிள்ளைகளின் கன்னத்தில் விழும் மங்கலான வெள்ளை பெரும்பாலும் வரட்சியால் வரும் இலேசான கரப்பன். வயிற்றில் பூச்சி என்றும் கல்சியம் குறைவு என்றும் சொல்லிக் கண்ட மருந்தைக் கொடுக்க வேண்டாம். முகத்துக்குக் களிம்பு பூசி, வெயிலைக் குறைத்தால் வயது ஏறத் தானாகவே மறையும்.

கடிக்காத திட்டு

இவ்வளவு நேரமும் கடியைப் பற்றியே பேசினேன். ஆனால் நான் அதிகம் அஞ்சுவது கடிக்காத, நோகாத திட்டுக்குத்தான். கடிக்காதபடியால் ஒருவரும் அதைக் கவனிப்பதில்லை.

வெளிறிய அல்லது சிவந்த திட்டு, அங்கே உணர்ச்சி குறைவு என்றால் தொழுநோயாக இருக்கலாம். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சு நுனியால் திட்டிலும் நல்ல தோலிலும் மாறி மாறித் தொட்டுப் பாருங்கள். திட்டில் தொட்டது தெரியவில்லை என்றால் உடனே கிளினிக்குக்குப் போக வேண்டும். அடுப்படியில் விரல் சுட்டதே தெரியவில்லை, செருப்புக் கழன்று விழுந்ததே தெரியவில்லை என்பவையும் அறிகுறிகள்.

ஒல்லாந்தர் காலத்தில், 1708இல், ஹெந்தளையில் தொழுநோய் வைத்தியசாலை அமைத்தார்கள். மட்டக்களப்பு மாந்தீவிலும் நோயாளரை ஒதுக்கி வைத்த காலம் இருந்தது. அந்த ஞாபகம் இன்னும் நம் மனதை விட்டுப் போகவில்லை. ஆனால் நோய் அன்றைய நோயல்ல. இன்று மூன்று மருந்துகள் சேர்ந்த சிகிச்சையை இலவசமாகத் தருகிறார்கள். நோயின் வகையைப் பொறுத்து 6 மாதம் அல்லது 12 மாதம் எடுத்தால் முற்றாக மாறும். மருந்து தொடங்கிச் சில நாளிலேயே மற்றவர்களுக்குத் தொற்றும் தன்மை போய்விடுகிறது. ஒருவரையும் வீட்டை விட்டு விலக்கத் தேவையில்லை. இலங்கையில் 1995இல் இந்த நோயை உலக சுகாதார நிறுவனத்தின் ஒழிப்பு இலக்குக்குக் கீழே கொண்டுவந்தார்கள். ஆனால் இன்றும் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்ட புதிய நோயாளர் கண்டறியப்படுகின்றனர். பிள்ளைகளும் அவர்களில் உண்டு.

கலியாணப் பேச்சு நடக்கிறது, ஊர் அறிந்தால் என்ன சொல்லும் என்று மகளின் திட்டைச் சட்டைக் கைக்குள் மறைக்கும் தாய்மாரை நான் கண்டிருக்கிறேன். அவர்களுடைய பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆரம்பத்திலேயே மருந்து எடுத்தால் ஒரு வடுவும் இல்லாமல் மாறும். மறைத்து வைத்தால் நரம்பு செத்து விரல் மடங்கிவிடும். மடங்கிய விரலை எந்தச் சட்டைக் கையாலும் மறைக்க முடியாது. அந்தத் திட்டில் ஸ்டீரொயிட் பூசிச் சிவப்பை மங்க வைப்பதும் மறைப்பதுதான்.

நோகாத இன்னொன்றும் உண்டு. முகத்திலோ கையிலோ காலிலோ சிறு பரு போலத் தொடங்கி, மாதக்கணக்கில் மாறாமல், நடுவில் புண்ணாகும் லீஷ்மேனியா நோய். மணல் ஈ எனும் சிறு பூச்சியின் கடியால் வருவது. இங்கேயே தொற்றிய முதல் நோயாளி 1992இல் அறியப்பட்டார். அநுராதபுரம், பொலன்னறுவை, அம்பாந்தோட்டை, மாத்தறைப் பக்கங்களில் அதிகம். காட்டோரமாக வாழ்பவர்களும் தோட்டம் துரவில் வேலை செய்பவர்களும் ஒரு மாதம் தாண்டியும் ஆறாத பருவைக் கட்டாயம் காட்ட வேண்டும். இதற்கு ஊசி மருந்தும் குளிரூட்டி உறைய வைக்கும் சிகிச்சையும் உண்டு.

வெள்ளையாக்கும் கிறீம்

பெயரில்லாத சிறு டப்பாக்களில் விற்கும் கிறீம்கள் சிலவற்றில் பாதரசம் கலந்திருக்கும். சிலவற்றில் வலுவான ஸ்டீரொயிட். அதனால்தான் இரண்டு கிழமையில் முகம் பளிச்சிடுகிறது. பிறகு தோல் மெலிந்து, சிவந்த நரம்புகள் தெரிந்து, பரு கிளம்பி, ரோமமும் வளரும். நிறுத்தினால் முகம் எரியும். பாதரசம் சிறுநீரகத்தைப் பாதிக்கும், வயிற்றுப் பிள்ளையையும் போய்ச் சேரும். பூசிய கையால் குழந்தையைத் தூக்கினால் குழந்தையிலும் ஒட்டும். உள்ளடக்கம் எழுதாத கிறீம் எதுவும் உங்கள் முகத்துக்கு வேண்டாம். நம் நிறம் நோயல்ல, அதற்கு மருந்தும் வேண்டாம்.

வருமுன் காக்க

* ஆளுக்கொரு துவாய், ஆளுக்கொரு சீப்பு. உள்ளாடைகளை ஒருவருடையதை ஒருவர் அணிய வேண்டாம்.
* குளித்தபின் மடிப்புகளையும் விரல் இடுக்குகளையும் ஈரம் போகத் துடையுங்கள்.
* பருத்தி உள்ளாடை நல்லது. தினமும் மாற்றி, வெயிலில் காயப் போடுங்கள். மறைவாகக் காயவேண்டும் என்று ஈரத்தோடு அறைக்குள் போட வேண்டாம். மழைக்காலத்தில் அயர்ன் பண்ணி உடுங்கள்.
* பாவாடை நாடாவைத் தளர்வாகக் கட்டுங்கள். கட்டும் இடத்தைச் சற்று மாற்றி மாற்றிக் கட்டுங்கள்.
* பிள்ளைகளின் நகத்தைக் கிழமைக்கு ஒரு தரம் வெட்டுங்கள்.
* பூனை, நாயின் உடம்பில் ரோமம் உதிர்ந்த வட்டம் இருந்தால் அதற்கும் மருந்து செய்யுங்கள்.
* ஆறு மாதத்துக்கு ஒரு தரம் வீட்டில் எல்லோருடைய முதுகையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். தன் முதுகைத் தானே பார்க்க முடியாது.

தாமதிக்காமல் போக வேண்டிய நேரம்

காய்ச்சலோடு தோல் சிவந்து சூடாக வீங்கினால், மருந்து குடித்தபின் உடம்பெல்லாம் கொப்புளம் வந்தால், வாயிலும் கண்ணிலும் புண் வந்தால், முகமோ உதடோ வீங்கி மூச்சு முட்டினால் ஒரு நிமிடமும் பிந்தாதீர்கள். நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

மற்றவற்றுக்கு அரசாங்க வைத்தியசாலை வெளிநோயாளர் பிரிவில் காட்டலாம். பெரிய வைத்தியசாலைகளில் தோல் நோய்க் கிளினிக் உண்டு, பணம் வேண்டியதில்லை. உடுப்புக்கு மறைவான இடம் என்றால் பெண் டொக்டரிடம் காட்ட விரும்புவதாகத் தயங்காமல் சொல்லுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் உங்கள் பகுதி மருத்துவமாதுவிடம் கேளுங்கள்.

போகும்போது இதுவரை பூசிய எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். ‘ஒன்றும் பூசவில்லை’ என்று மட்டும் சொல்லாதீர்கள். டொக்டர் ஏசுவார் என்ற பயத்தில் பலர் அப்படிச் சொல்கிறார்கள். என்ன பூசினீர்கள், எத்தனை நாள் பூசினீர்கள் என்று தெரிந்தால் சரியான நோயைக் கண்டுபிடிக்கும் வேலையில் பாதி முடிந்துவிடும்.